தண்டுக்கு அனுமதி, பூவுக்குத் தடை: மைசூரு வயலுக்கு வராத சட்டப் பிரிவு

மைசூரு: மைசூரிலிருந்து குடகு நோக்கி மேற்கே செல்லும் சாலையில் ஹுன்சூர், பெரியபட்டணம் வட்டங்களைக் கடப்பவர்கள், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சாலையின் இருபுறமும் புகையிலைப் பயிரைக் காணலாம். சூட்டுக் கொட்டகையில் உலர்த்திப் பதப்படுத்தப்படும் வர்ஜீனியா ரகம் அது. கர்நாடகத்தில் அந்தப் பயிரின் தலைநிலம் மைசூரு மாவட்டம்தான்.

அதைக் கைவிட்டு மாற்றுப் பயிருக்கு வாருங்கள் என்று விவசாயிகளிடம் பல ஆண்டுகளாகக் கூறப்பட்டு வருகிறது. உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்கு இந்தியா 2004-இல் ஒப்புதல் அளித்தது. புகையிலையை நம்பி வாழ்பவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தேடித் தர வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. மத்திய அரசின் பயிர் மாற்றுத் திட்டம் 2015-16 முதல் புகையிலை விளையும் மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கர்நாடகமும் அதில் உண்டு. ஆயினும் ஹுன்சூரில் புகையிலை நீடிக்கிறது. மானாவாரியில் விளைவதும், அரசு நடத்தும் ஏலத்தில் விலை போவதும், பணம் கைக்கு வந்து சேர்வதும் காரணங்கள்.

மாற்றுப் பயிர்கள் பற்றிய பேச்சில் அண்மைக் காலமாக நாடெங்கும் அடிபடும் பெயர் ஹெம்ப். நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடப்படும் இந்தச் செடி வேறு எதுவுமல்ல, கஞ்சாச் செடியேதான். போதை தரும் வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள ரகம் என்பது மட்டுமே வேறுபாடு. கோணிக்குப் பயன்படும் சணலும், பசுந்தாள் உரமாகும் சணப்பும் வேறு செடிகள். அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மைசூரு போன்ற மழைப் பகுதியில் திறந்தவெளியில் இச்செடி வளருமா, வளர்ந்தால் சட்டம் அனுமதிக்குமா என்ற இரு கேள்விகளுக்கும் "ஆம்' என்ற விடை உண்டு. ஆனால், இரண்டு விடைகளுக்கும் பின்னால் ஒரு "ஆனால்' இருக்கிறது. விவசாயியைச் சிறைக்கு அனுப்பக் கூடியது அந்த "ஆனால்'தான்.

சட்டம் சொல்வது என்ன?

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்ட மசோதா 1985 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. இரு அவைகளிலும் நிறைவேறி, செப்டம்பர் 16-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அறிமுகத்திலிருந்து ஒப்புதல் வரை ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கஞ்சா எது என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கம் கூர்ந்து படிக்கத்தக்கது. செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதியே கஞ்சா. அந்த நுனியோடு சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகாது. செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பிசின் "சரஸ்' என்ற தனி வகை. கன்னடத்தில் "பங்கி சொப்பு' என்று வழங்கும் இலை, சட்டத்தின் கண்ணில் வேறு பொருள். பாங்கு தொடர்பான ஒரு ஜாமீன் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியது.

பயிரிடுதல் என்று வரும்போது சட்டம் செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. அனுமதியின்றி எந்தக் கஞ்சாச் செடியைப் பயிரிட்டாலும் 20-ஆவது பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும், ரூ. 1 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். தன் நிலத்தில் சட்டவிரோதமாக இச்செடி வளர்வதை அறிந்தும் நில உரிமையாளர் தகவல் தராமல் இருந்தால், அவரும் தண்டனைக்கு உரியவர் என்கிறது 46-ஆவது பிரிவு. தகவல் தரும் கடமையைக் கிராம அதிகாரிகளுக்கும் விதித்திருக்கிறது 47-ஆவது பிரிவு.

இத்தனை தடைகளுக்கும் நடுவே 14-ஆவது பிரிவு இருக்கிறது. நார் அல்லது விதை பெறும் தொழில் நோக்கத்துக்காக மட்டும், அல்லது தோட்டக்கலை நோக்கத்துக்காக, கஞ்சாச் செடி பயிரிடுவதை அரசு நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். இங்கு அரசு என்பது மத்திய அரசாகவும் இருக்கலாம், மாநில அரசாகவும் இருக்கலாம். இப்பிரிவு 1985 முதலே சட்டத்தில் உள்ளது. ஆனால், அரசு ஆணை பிறப்பித்தால்தான் அது விவசாயிக்குப் பயன்படும்.

கேள்வி நேரத்தில் பிறந்த ஆணையம்

சட்டத்தில் இந்த வாசல் வைக்கப்பட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையில், இந்தியாவில் கஞ்சா பயன்பாடு குறித்து உறுப்பினர் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அமைக்கப்பட்டது இந்திய கஞ்சா மருந்துகள் ஆணையம். மக்வொர்த் யங் தலைமையிலான அந்த ஏழு பேர் குழு நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை. முழுத் தடை தேவையில்லை. உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு.

1961-இல் உருவான ஐ.நா. போதை மருந்துகள் உடன்படிக்கை நிலைமையை மாற்றியது. ஆயினும், நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் நடைபெறும் சாகுபடிக்குத் தான் பொருந்தாது என்று அந்த உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவே கூறியது. பூத்த நுனியையே கஞ்சாவாகக் கொள்ளும் விளக்கமும் அதில் உள்ளதுதான். இந்திய நாடாளுமன்றம் 1985-இல் இவ்விரண்டையும் சட்டத்தில் சேர்த்துக் கொண்டது.

ஆகவே, பூவுக்குத் தடை, தண்டுக்கும் விதைக்கும் அனுமதி என்ற பாகுபாடு சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட ஒன்று. மைசூரின் வானிலையும் ஏறத்தாழ அதே பாகுபாட்டைத்தான் செய்கிறது என்பது இதில் வியப்புக்குரிய செய்தி.

ஈரம் செய்யும் தேர்வு

மைசூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. மே மாதத்தில் கோடை மழை; அடுத்துத் தென்மேற்குப் பருவமழை; செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மீண்டும் கனமழை என மழைக்காலம் நீள்கிறது. மேற்கே ஹெக்கடதேவனகோட்டை, ஹுன்சூர் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையின் பங்கு கூடுதல்.

ஜூனில் விதைத்த செடி பூத்து முதிர்வது பெரும்பாலும் செப்டம்பரையும் அக்டோபரையும் ஒட்டி அமையும். கஞ்சாச் செடியின் பெண் பூங்கொத்து நெருக்கமானது, பிசுபிசுப்பானது. மழைநீரும் பனியும் அதனுள் புகுந்தால் எளிதில் வெளியேறுவதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்து, வெயில் குறைந்த நாள்களில் சாம்பல் பூஞ்சணம் எனப்படும் போட்ரைட்டிஸ் நோய் பூங்கொத்தின் உள்ளிருந்து பரவும். வெளியில் தெரியும்போது உட்புறம் அழுகியிருக்கும். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் ஸ்ட்ராபெர்ரி பயிரிடுவோருக்கும் நன்கு அறிமுகமான எதிரி இந்தப் பூஞ்சணம்.

இளம் பருவத்திலும் ஈரம் ஆபத்தானது. இச்செடிக்கு நீர் தேவை. ஆனால், வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது. வடிகால் இல்லாத களிமண் நிலத்தில் நாற்றழுகல் நோய் தாக்கி முளைகள் மடியும். ஹுன்சூர்ப் பகுதியின் இலகுவான செம்மண்ணில் நீர் விரைவில் வடிவது இவ்வகையில் சாதகம். புகையிலைக்கு ஏற்ற மண்ணாக அது கருதப்படுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

நார்ப் பயிரின் கதை வேறு. நாருக்காக நெருக்கி விதைக்கப்படும் செடி கிளைக்காமல் நெடுநெடுவென வளரும். பூக்கத் தொடங்கும் தருணத்திலேயே அறுக்கப்படும். பூங்கொத்து முதிர்வதற்கு முன் பயிர் நிலத்தை விட்டு அகன்றுவிடுவதால் பூஞ்சணத்துக்கு வேலை குறைவு. அறுத்த தண்டை நிலத்திலேயே பரப்பி வைத்தால், பனி ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, நாரைத் தண்டோடு ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். சணலைக் குளத்தில் ஊறப்போடுவதற்கு இணையான பணி இது. வறண்ட நாடுகளில் இதற்குத் தனியே நீர் வேண்டும். ஈரப்பதம் உள்ள பகுதியில் வானமே அந்தப் பணியைச் செய்துவிடும். மழை அளவு மீறினால் மட்டும் நார் கறுத்துத் தரம் குறையும்.

விதைப் பயிர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விதை முதிரும்போது வறண்ட வானிலை வேண்டும். அறுத்தபின் விரைவாக உலர்த்தாவிட்டால் எண்ணெய் கசக்கும். புகையிலை உலர்த்தும் கொட்டகையோடு வாழ்ந்து பழகிய விவசாயிக்கு உலர்த்துதலின் அருமை தெரியாததல்ல.

சுருங்கக் கூறின், மைசூரின் ஈரம் பூவைக் கெடுக்கிறது; தண்டுக்கு உதவுகிறது. சட்டம் தடுப்பதும் பூவை, அனுமதிப்பதும் தண்டை.

பகல் பொழுது எழுப்பும் சிக்கல்

ஈரத்தைவிடப் பெரிய சிக்கல் பகல் பொழுதின் நீளத்தில் உள்ளது. இரவு நீளும்போது பூக்கும் செடி இது. ஐரோப்பாவின் கோடையில் பகல் 16 மணி நேரம் வரை நீடிக்கும். அங்கு உருவாக்கப்பட்ட நார் ரகங்கள் அந்த நீண்ட பகலில் வளர்ந்து, பகல் குறையும்போது பூப்பவை. மைசூரு 12 பாகை அட்சரேகையை ஒட்டி அமைந்திருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 50 நிமிட அளவுதான். ஐரோப்பிய விதையை இங்கு விதைத்தால், இரவு வந்துவிட்டது என்று எண்ணிச் சில வாரங்களிலேயே பூத்துவிடும். முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் பூத்த செடியிலிருந்து நார் கிடைக்காது.

தென்னிந்திய மலைகளில் தலைமுறை தலைமுறையாக வளரும் நாட்டு ரகங்கள் இந்தப் பகல் பொழுதுக்குப் பழகியவை; ஓங்கி வளர்பவை. ஆனால், அவை போதைப்பொருள் செறிந்தவை. அதாவது, சட்டத்துக்கு ஏற்ற விதை இந்த மண்ணுக்கு ஏற்றதல்ல. மண்ணுக்கு ஏற்ற விதை சட்டத்துக்கு ஏற்றதல்ல. இரண்டுக்கும் பொருந்தும் ரகத்தை ஆய்வு நிலையங்களில்தான் உருவாக்க வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. பருவமழை பெறும் சீனத்தின் யுன்னான் மாகாணத்தில், அம்மாகாண வேளாண் அறிவியல் கழகம் போதைப்பொருள் குறைந்த "யுன்மா' ரகங்களை உருவாக்கியது. உள்ளூர் விதை கைக்கு வந்த பிறகே, 2010 முதல் அங்கு தொழில் சாகுபடிக்கு முறையான உரிம விதிகள் நடைமுறைக்கு வந்தன. முதலில் விதை, பிறகு உரிமம் என்பதே அங்கு பின்பற்றப்பட்ட வரிசை.

0.3 சதவீதம் என்ற கோடு

போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் (டிஹெச்சி) 0.3 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் ஹெம்ப், மிகுந்தால் கஞ்சா. பல நாடுகள் கைக்கொள்ளும் அளவுகோல் இது. இதன் மூலம் 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோன்குவிஸ்ட் ஆகிய தாவரவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. செடிகளை வகைப்படுத்துவதற்காக அவர்கள் வரைந்த கோடு அது. எந்த அளவில் போதை ஏற்படும் என்பதை அளந்து வகுத்ததல்ல. பின்னாளில் அது சட்டங்களில் ஏறியது. அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டமும் அதையே ஏற்றது.

வயலில் இந்தக் கோடு நிலையாக நிற்பதில்லை. டிஹெச்சி அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது விதையின் மரபுக்கூறு. பூ முதிர முதிர அதன் அளவு கூடும். தொடர் மழையால் அறுவடை இரண்டு வாரம் தள்ளிப்போனால், வரம்புக்குள் இருந்த பயிர் வரம்பைத் தாண்டக் கூடும். மேலும், இச்செடியின் மகரந்தம் காற்றில் பரவுவது. எங்கோ மறைவாக வளரும் கஞ்சாச் செடியின் மகரந்தம், உரிமம் பெற்ற வயலின் விதையில் கலந்தால், அந்த விதையை அடுத்த பருவத்தில் விதைப்பவர் தான் அறியாமலேயே குற்றவாளி ஆகலாம்.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தின் கொள்ளேகால், ஹனூர் பகுதிகளில், மலையடிவாரத் தோட்டங்களில் பிற பயிர்களுக்கு நடுவே மறைத்து வளர்க்கப்பட்ட கஞ்சாச் செடிகளைக் காவல் துறையினர் அவ்வப்போது கைப்பற்றி வருகின்றனர். இத்தகைய வழக்குகளில் சிக்குவோரில் சிறு நிலம் உள்ளவர்களும் இருக்கின்றனர். செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு, இலை, தண்டு, பூ அனைத்தும் சேர்த்து எடை போடப்பட்டதா என்ற கேள்வி நாட்டின் பல உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் விசாரணையின்போது எழுந்திருக்கிறது. கஞ்சா 20 கிலோ என்ற அளவைத் தாண்டினால் அது "வர்த்தக அளவு'. அதன் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டுகள். ஜாமீன் பெறுவதும் அரிது. பச்சைச் செடியின் ஈர எடை ஒருவரின் வாழ்நாளில் பத்தாண்டுகளைத் தீர்மானிக்கும் என்றால், எடை போடும் முறை சிறிய விஷயமல்ல.

மலை மாநிலங்களின் முன்னோட்டம்

போதைப்பொருள் குறித்த தேசியக் கொள்கையை மத்திய அரசு 2012-இல் வெளியிட்டது. கஞ்சாச் செடியிலிருந்து நாரும், விதை எண்ணெயும் பெற வாய்ப்புள்ளதை அக்கொள்கை ஏற்றது. டிஹெச்சி குறைந்த ரகங்களை உருவாக்கும் ஆய்வுகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூறியது. 2018-இல் உத்தரகண்ட், தொழில்முறை ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் வழங்கிய முதல் மாநிலமானது. இச்செடியின் நாரும் விதையும் அங்குள்ள மலைக் கிராமங்களுக்குப் புதியவை அல்ல. விதையை அரைத்துச் சட்னி செய்வது குமாவோன் சமையலில் வழக்கம். இருந்தும், வரம்புக்கு உட்பட்ட நல்ல விதை எளிதில் கிடைக்காததால், எதிர்பார்த்த வேகத்தில் சாகுபடி பரவவில்லை.

ஹிமாசலப் பிரதேச அரசு 2023-இல் அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தது. குழுவின் அறிக்கையை அம்மாநிலச் சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் ஏற்றது. அதன்பின் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களின் துணையோடு முன்னோடி ஆய்வுக்கு 2025-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதனிடையே, ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்பதற்கான தர வரம்புகளை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் அறிவித்தது. விற்பனைக்கு வழி பிறந்துவிட்டது. சாகுபடிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வழியில்லை.

சர்வதேச அரங்கிலும் இந்தியாவின் நிலைப்பாடு நெகிழ்ந்திருக்கிறது. மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கும் தீர்மானம், 2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஐ.நா. போதை மருந்துகள் ஆணையத்தில் 27-25 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்ற தீர்மானம் அது.

அவசரத்தால் விளையும் குழப்பத்துக்கும் உதாரணம் உண்டு. ஈரப்பதம் மிகுந்த தாய்லாந்து, 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. முழுமையான ஒழுங்குமுறைச் சட்டம் இல்லாமலேயே கடைகள் பெருகின. 2025 ஜூனில் பூவுக்கு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கட்டாயம் என்று அந்நாடு பின்வாங்கியது. அங்கும் பிரச்னை பூவைச் சுற்றியே எழுந்தது.

மைசூருக்குத் தெரிந்த உரிம முறை

கண்காணிப்பின் கீழ்ப் பயிர் செய்வது மைசூரு விவசாயிக்குப் புதிதல்ல. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்ட புகையிலை வாரியத்தில் பதிவு பெற்றே அவர் நடவு செய்கிறார். ஒவ்வொரு பருவத்துக்கும் உற்பத்தி அளவை வாரியம் நிர்ணயிக்கிறது. விளைந்தது வாரியத்தின் ஏல மையத்துக்குச் செல்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அபினிச் செடியே மத்திய அரசின் உரிமத்தின் கீழ்ப் பயிராகிறது. ஆண்டுதோறும் உரிமம், அதிகாரிகளின் நில அளவீடு, அரசே கொள்முதல். கஞ்சாவைவிடக் கொடிய பொருளைத் தரும் செடியைக் கட்டுப்பாட்டில் வைத்துப் பயிரிடச் செய்ய இந்த நாட்டுக்குத் தெரியும்.

இந்த இரு முறைகளிலும் பொதுவாக உள்ளது ஒன்று. விதைக்கும் முன்பே, விளைந்ததை யார் வாங்குவார் என்பது தெரியும். ஹெம்ப் விஷயத்தில் அது தெரியாது. நாரைப் பிரித்தெடுக்கும் ஆலை அருகில் இல்லாமல், பருமன் மிகுந்த தண்டை நெடுந்தூரம் லாரியில் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. உணவுத் துறை ஆய்வுக்குப் பெயர் பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் மைசூரிலேயே இயங்கி வருகிறது. ஹுன்சூரில் புகையிலை ஆய்வு நிலையமும் உள்ளது. விதையின் தரம், எண்ணெய், மாற்றுப் பயிர் ஆகியவை குறித்து ஆராயும் திறன் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அத்திறனை இதற்குப் பயன்படுத்துவதா என்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு.

தாவரம் சார்ந்த போதைப்பொருள்கள் தொடர்பாகச் சட்டத்தைத் தளர்த்தக் கோரி, அப்போதைய பாட்டியாலா மக்களவை உறுப்பினர் தரம்வீர் காந்தி 2016-இல் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்தார். அது சட்டமாகவில்லை. தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது மிக அரிது என்பது நாடாளுமன்றம் அறிந்த உண்மை. ஆனால், நார்ச் சாகுபடிக்குப் புதிய சட்டமோ திருத்தமோ தேவையில்லை. ஏற்கெனவே உள்ள 14-ஆவது பிரிவின் கீழ் ஒரு மாநில அரசு பிறப்பிக்கும் ஆணை போதும். உத்தரகண்ட் செய்தது அதைத்தான்.

ஆணையைவிட முக்கியமானது, அதில் இடம்பெற வேண்டிய ஒரு விதி. சான்றளிக்கப்பட்ட விதையை வாங்கி, உரிமம் பெற்று விதைத்த விவசாயியின் பயிர், மழையாலோ, காற்றில் வந்த மகரந்தத்தாலோ 0.3 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது? பயிரை அழிப்பதோடு நிற்பதா, இழப்பீடு உண்டா, அல்லது 20-ஆவது பிரிவு பாயுமா? இதைத் தெளிவாக எழுதாமல் வழங்கப்படும் உரிமம், மானாவாரி விவசாயியை மழையிடம் மட்டுமன்றி நீதிமன்றத்திடமும் ஒப்படைப்பதாகவே முடியும்.

புகையிலையில் விலை சரிந்தால் ஹுன்சூர் விவசாயிக்கு நஷ்டம் ஏற்படுகிறது. ஆனால், சிறை இல்லை. மாற்றுப் பயிரை முன்மொழிபவர்கள் முதலில் அளிக்க வேண்டிய உத்தரவாதமும் அதுவே.